எஸ்டிமேட்டில் வராத மூடுபனி

ரோடு போடுகிற உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு மழை பெய்தால் தூக்கம் போய்விடும். பெய்யாவிட்டாலும் போய்விடும், ஏனென்றால் குடிதண்ணீரும் எங்கள் தலையில்தான்.

நான் கொல்லிமலையில் ஓவர்சியர். ரோடு, சாக்கடை, தெருவிளக்கு, சிறுபாலம், தண்ணீர்த் தொட்டி என்று ஊராட்சிகளில் எதைக் கட்டுவதானாலும் முதலில் அளந்து எஸ்டிமேட் போடுவதும், கட்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதும், கட்டி முடிந்த பிறகு திட்டு வாங்குவதும் என் வேலை. வீடு சேந்தமங்கலத்தில். தினமும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் மலையேறுவேன்; சாயங்காலம் அதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். எனக்கு மேலே ஒரு பொறியாளர் இருக்கிறார். தங்கமான மனிதர். ஆனால் அவர் காதுபட யாராவது 'நிதி' என்று சொல்லிவிட்டால் உடனே இருமல் வந்துவிடும்.

உங்கள் தெருவுக்கு ரோடு கேட்டு மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே குழியில் விழுந்தவர்கள். நீங்கள் மனு கொடுத்த பக்கமிருந்து விழுந்தீர்கள், நான் வாங்கிய பக்கமிருந்து விழுந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாறைமேல் ஓர் ஊராட்சி

எந்த வேலை நடந்தாலும் அதை போனில் போட்டோ எடுத்து ஓர் ஆப்பில் ஏற்ற வேண்டும். வேலை நடந்த இடத்தை ஆப் தானாகவே மேப்பில் குறித்துக்கொள்ளும். வேலையே செய்யாமல் பில் போடுகிறவர்களைப் பிடிப்பதற்காக வந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் சிக்னல் உள்ள ஊர்க்காரர் யாரோ யோசித்தது. குண்டனி நாட்டுப் பக்கம் (மலையில் ஊராட்சிகளை நாடு என்றுதான் சொல்வார்கள்) சில ஊர்களில் போன் என்பது டார்ச் லைட், அவ்வளவே. அப்படி ஓர் ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் ஊருக்கு மேலே இருக்கும் ஒரு மொட்டைப் பாறை. கீழே போட்டோ எடுப்பேன், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைக்கு ஏறுவேன், அங்கிருந்து அனுப்புவேன். ஆப் என்ன செய்தது? நான் எங்கிருந்து அனுப்பினேனோ அதையே வேலை நடந்த இடம் என்று எழுதிக்கொண்டது.

வருஷக் கடைசியில் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். ஊருக்குள் வராமல், மேப் காட்டிய வழியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பாறைக்கே போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். உச்சிக்குப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு, "மேடம், இங்கே ஒரு சாக்கடை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சிமென்ட் ரோடு, அங்கன்வாடிச் சுவர் எல்லாம் இருக்க வேண்டுமே?" என்றார். காலடியில் ஓணான் ஒன்று ஓடியது. நான் விரலை நீட்டி, கீழே தெரிந்த ஊரில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். சஸ்பென்ஷன் ஆர்டரை மனசுக்குள் பாதி படித்து முடித்துவிட்டேன். நல்லவேளையாக அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார். வழியெல்லாம் இல்லாத சிக்னல் அங்கே முழுசாக நின்றது. நிலைமை அவருக்கே புரிந்து, சிரித்துவிட்டார்.

பாறை ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, இந்தப் பாறை மேல இத்தனை வேலை செஞ்சிருக்கறீங்க, ஏறறதுக்கு நாலு படி வெட்டோணும்னு மட்டும் தோணலீங்களா?"

பகலில் எரிந்த விளக்கு

குண்டூர் நாட்டில் ஓர் ஊருக்குப் புதுவிதத் தெருவிளக்குகள் வந்தன. ஆள் போய் சுவிட்ச் போட வேண்டாம். இருட்டினால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்று மாவட்டத் தலைநகரில் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு தம்பி பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். இதெல்லாம் கீழே சமவெளியில் சரி. மலையில் மார்கழி, தை மாதங்களில் மூடுபனி இறங்கினால் பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியாது. விளக்குகள் மட்டமத்தியானத்தில் ஜெகஜோதியாக எரிந்தன. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். பிள்ளைகள் விளக்கைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள். பஸ் டிரைவர் ரோடு எது, பள்ளம் எது என்று தெரிந்து ஓட்டினார்.

திரைக்கு முன்னால் இருந்த தம்பிக்குத்தான் நிம்மதி போய்விட்டது. "மேடம், உங்க ஊரில் பகல்லயே லைட் எரியுது. மின்சாரம் வீணாகுது. சென்சார் பழுதுன்னு எழுதிக் கழட்டச் சொல்லட்டுமா?" என்று போன் செய்தார். "பழுது இல்லை தம்பி, பனி" என்றேன். நம்பவில்லை. போட்டோ அனுப்பச் சொன்னார். அந்த ஊரில் சிக்னல் உண்டு. நடுத்தெருவில் நின்று எடுத்து அனுப்பினேன். உடனே திரும்பக் கூப்பிட்டார். "படம் சரியா ஏறலை மேடம், வெறும் வெள்ளையா வருது." இன்னொன்று அனுப்பினேன். அதுவும் வெறும் வெள்ளைதான். "அதுதான் தம்பி எங்க ஊர்!" என்றேன். விளக்குகளைக் கழற்றாமல் காப்பாற்ற நான் அவரிடம் ஒரு மாதம் மல்லுக்கு நின்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறாமல், ரொம்ப மரியாதையாக ஒன்று கேட்டார்: "எல்லாம் சரி மேடம், எஸ்டிமேட்ல நீங்க மூடுபனின்னு ஒண்ணும் காட்டவே இல்லையே?"

மிளகுக்கு அடியில்

மார்ச் மாதம் எங்களுக்குப் பரீட்சை மாதம். அந்த மாதம் முடிவதற்குள் வேலையை அளந்து பில் போடாவிட்டால், ஒதுக்கிய நிதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். மலையில் அதே மாதம்தான் மிளகு காய்கிற மாதமும். இது ஏன் என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள். இரண்டையும் நான் முடிவு செய்யவில்லை.

ஒரு குக்கிராமத்தில் புதுசாக சிமென்ட் ரோடு போட்டிருந்தோம். அதை அளக்கப் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜீப்பை விட்டு இறங்கியவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "ரோடு எங்கம்மா?" என்றார். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கையகலம் விடாமல் மிளகு. ஓரத்தில் குடை பிடித்துக் காவலுக்கு உட்கார்ந்திருந்த ராமாயி எழுந்து, "மொளகுக்கு அடியில இருக்குதுங்க" என்றார். அள்ளச் சொன்னோம். ஒரு வருஷத்துச் சாப்பாடு அது, அன்றைக்கு வெயிலும் நன்றாக அடித்தது, அள்ள மாட்டோம் என்று பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். நிதி திரும்பிப் போய்விடும் என்று நான் சொன்னதும் பொறியாளருக்கு இருமல் வந்தது. அவர் இருமலில் மிளகு நெடியும் சேர்ந்துகொள்ள, மனிதர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடைசியில் ராமாயியே வழி சொன்னார். நாங்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். டேப்புக்கு முன்னால் இரண்டு பெண்கள் மிளகை ஒதுக்கிக்கொண்டே போவார்கள். பின்னால் இரண்டு பெண்கள் பரப்பிக்கொண்டே வருவார்கள். கோயில் பிரகாரம் சுற்றுவது போலப் பொறியாளரும் நானும் வெறுங்காலுடன் சுடுகிற சிமென்டில் தத்தித் தத்தி அளந்து முடித்தோம். கடைசி அளவைக் குறித்ததும் ராமாயி எங்களை ஓரமாக நகரச் சொன்னார்: "நல்லாப் பாத்துட்டீங்களா சாமி? அப்பறம் பாக்கலைன்னு சொல்லக் கூடாது. இப்ப ரோட்டை மூடிக்கறோமுங்க."

தீர்த்து வைக்கப்பட்ட குழி

புகார் கொடுக்க ஒரு போன் எண் உண்டு. கூப்பிட்டுச் சொன்னால் பதிவு செய்வார்கள். பதிவானது மேலிருந்து கீழாக இறங்கி என்னிடம் வரும். வரும் வழியில் என்ன நடக்கிறதோ தெரியாது, சில புகார்கள் என்னிடம் வந்து சேருவதற்கு முன்பே தீர்ந்துவிடும். ராசப்பன் என்றொருவர், குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றிச் செல்லும் சின்ன வேன் ஓட்டுகிறவர், ஊர் முனையில் இருந்த ஒரு பெருங்குழியைப் பற்றிப் புகார் கொடுத்தார். சீக்கிரமே அவர் போனுக்குச் செய்தி வந்தது: தங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? மனிதர் பூரித்துப் போய் முழு நட்சத்திரமும் கொடுத்துவிட்டு, குழி மூடியாயிற்று என்ற தைரியத்தில் கிழங்கு மூட்டையோடு வண்டியை அழுத்தி விட்டிருக்கிறார். ஸ்பிரிங் பட்டை ஒடிந்து வண்டி குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, ஆளுக்கு அடியில்லை. கிழங்குதான் ரோடெல்லாம் உருண்டது.

மறு வாரம் ஜல்லியும் தாரும் கொண்டுபோய் அந்தக் குழியை மூடிவிட்டோம். ஆனால் வண்டி விழுந்த அன்றைக்கு நான் போய் நின்றபோது அவர் சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, செய்தி தெரியும்படி போனைக் குழிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "தீந்து போச்சுன்னு நானும் அப்பயிருந்து காட்டிட்டு இருக்கறனுங்க. இந்தக் குழிக்குப் படிக்கத் தெரியலை போலிருக்குது, நீங்களே ஒருக்காப் படிச்சுச் சொல்லீருங்க அம்மணி."

அக்கரைப்பட்டியில் கிராம சபை

இது கொஞ்சம் பெரிய கதை. ஊராட்சித் தலைவி நல்லம்மா மிளகுத் தோட்டக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. அவர் ஊராட்சியில் ஓடைக்கு அந்தப் பக்கம் அக்கரைப்பட்டி என்று ஒரு சின்ன ஊர். மழை வலுத்தால் ஓடை பெருகிவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, பால் வெளியே போகாது. போன மழைக்காலத்தில் பூங்கொடி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தபோது ஓடையில் வெள்ளம். ஆம்புலன்ஸ் இந்தக் கரையில் நின்றது, அவளைக் கட்டிலோடு அந்தக் கரையில் வைத்துக் குடை பிடித்தார்கள். தண்ணீர் வடியக் குழந்தை காத்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, மழைக்கு நடுவில் பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் நல்ல நேரம்.

அந்த ஊருக்கு ஒரு சிறுபாலம் வேண்டும் என்று நல்லம்மா கேட்டார். ஊராட்சியின் பெரிய ஊரில் லாரிகள் வைத்திருக்கும் சடையப்பன், ஊர் நுழைவாயிலில் பெரிய அலங்கார வளைவு வேண்டும் என்றார். அந்த வருஷ நிதி இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும். சடையப்பனுக்கு மேலே செல்வாக்கு உண்டு. பொறியாளர் இருமிவிட்டு, "பாலத்தை அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். நல்லம்மா தலையை ஆட்டிக்கொண்டார். "ஆகட்டுங்க சார். எதுக்கும் கிராம சபையில வெச்சு முடிவு பண்ணிக்கலாமுங்க. இந்தத் தடவை அக்கரைப்பட்டி முறை" என்றார்.

ஐப்பசி மழை தொடங்கும் நேரம் அது. நாங்கள் போனபோது ஓடையில் கணுக்காலளவுதான் தண்ணீர். ஜீப்பை இந்தக் கரையில் விட்டுவிட்டுப் பொறியாளர், நான், சடையப்பன் மூன்று பேரும் தாண்டினோம். அந்தப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. ஊர்க் கொட்டகையில் கூட்டம். வழக்கமாகக் கூட்டத்தைச் சட்டென்று முடிக்கும் நல்லம்மா, அன்றைக்கு ஆளாளுக்குப் பேச விட்டார். கன்றுக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்று ஒருவர் பேசினார், அதற்கும் "நல்லாச் சொல்லுங்க" என்றார். மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் ஓடை இரையும் சத்தம் கூட்டத்துக்கே கேட்டது. நான் நல்லம்மாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

பாதையில்லை, சிக்னலில்லை. சடையப்பனின் லாரி ஒன்று லோடோடு அவருக்காகக் கீழே காத்திருந்தது. பொறியாளரின் ரத்த அழுத்த மாத்திரை ஜீப்பில் இருந்தது. ஓடைக்கரைக்கும் கூட்டத்துக்குமாக நடந்து நடந்து இருவரும் ஓய்ந்து உட்கார்ந்தார்கள். வெந்த குச்சிக்கிழங்கும் வரக்காப்பியும் வந்தன. கொண்டு வந்தவள் பூங்கொடி. இடுப்பில் இருந்த குழந்தை, காப்பியை வைக்க அவள் குனிந்ததும் நழுவிப் பொறியாளர் மடியில் ஏறி அவர் பேனாவைப் பிடுங்கியது. "கரையில பொறந்தானே, அவன்தானுங்க சார்" என்றாள் அவள். பொறியாளர் இருமவில்லை. பேனாவைத் திருப்பி வாங்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சடையப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். "வளைவு எங்கீங்க போகுது, பின்னால பாத்துக்கலாம். பாலத்தைப் போட்டுத் தொலைங்க" என்றார். தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது.

சாயங்காலம் தண்ணீர் வடிந்த பிறகு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டினோம். கரையேறியதும் பொறியாளர் பேன்ட் காலைப் பிழிந்துகொண்டே, "தலைவரம்மா, உண்மையைச் சொல்லுங்க. மழை வரும்னு தெரிஞ்சுதானே எங்களை அங்க கொண்டுபோய் உக்கார வெச்சீங்க?" என்று கேட்டார். நல்லம்மா இரண்டு கைகளையும் கூப்பினார்: "அய்யோ சாமி, மழையெல்லாம் எங்க ஊராட்சி அதிகாரத்துல வருமுங்களா? அது மேலிடத்து உத்தரவுங்க."

கல்வெட்டு

பாலம் அடுத்த கோடைக்குள் முடிந்துவிட்டது. சின்னப் பாலம், கச்சிதமான பாலம், என் கையால் அளந்த பாலம். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் சிக்கல். பெயர்ப் பட்டியலை அனுப்பினால், அவர் பெயர் விட்டுப்போயிற்று என்று ஒரு போன். அவர் பெயர் இவர் பெயருக்குக் கீழே வரலாமா என்று இன்னொரு போன். ஒவ்வொரு போனுக்கும் கல் ஒரு சாண் வளர்ந்தது. லாரியில் வந்து இறங்கியபோது, பாலத்தின் கைப்பிடிச் சுவர் அதன் பக்கத்தில் குழந்தை மாதிரி நின்றது. திறந்து வைக்க வேண்டியவருக்கு வேறு ஊரில் விழா; வர நேரமாயிற்று. ரிப்பன் கட்டிவிட்டதால் அதுவரை யாரும் பாலத்தில் போகக் கூடாது என்று கட்டளை. புத்தம் புதுப் பாலம் மேலே நிற்க, பலாப்பழம் சுமந்த ஜனங்கள் வழக்கம் போலப் பாலத்துக்கு அடியில் ஓடையில் இறங்கித் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

பூங்கொடியும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடையில் இறங்கி என்னிடம் வந்தாள். கல்வெட்டை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பாலம்னு எதுக்கு இத்தனை நாளு செரமப்பட்டீங்க? இந்தக் கல்லையே ஓடைக்குக் குறுக்க படுக்கப் போட்டிருந்தா நாங்க எப்பவோ தாண்டியிருப்போமுங்களே!"

அன்னாசிக்காரியின் விண்ணப்பம்

கடைசியாக ஒன்று. வியூ பாயிண்டுக்குப் போகும் எங்கள் ஒன்றிய ரோடு பல வருஷமாகக் குண்டும் குழியுமாகக் கிடந்தது. கார்க்காரர்கள் எல்லாம் என் குடும்பத்தையே வாழ்த்திக்கொண்டு போவார்கள். ஒருவழியாக நிதி வந்து, கண்ணாடி மாதிரித் தார் ரோடு போட்டோம். வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக யாராவது பாராட்ட வருவார்கள் என்று ஆபீஸில் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். வெள்ளையம்மா வந்தார். அந்த ரோட்டோரம் அன்னாசிப் பழம் அறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிறவர். கையில் ஒரு பழம். ஆகா, மரியாதை செய்ய வந்திருக்கிறார் என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

"ரோடு போட்டு என் பொழப்பைக் கெடுத்துட்டியே கண்ணு" என்றார். குழி இருந்தபோது கார்கள் அவர் கடை முன்னால் ஊர்ந்து போகும். பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகள் பழத்தைப் பார்த்து அடம் பிடிக்கும். இப்போது எல்லோரும் பறக்கிறார்களாம். கையை ஆட்டினால் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போகிறார்களாம். "புதுசா ஒண்ணும் கேக்கலை. எங்க பழைய குழியில ரெண்டே ரெண்டைத் திருப்பிக் குடுத்துரு" என்றார். அரசாங்க விதிகளில் குழி கொடுக்க வழியில்லை என்று விளக்கினேன். வேகத்தடை கேட்டுப் பார்த்தேன், அதற்கும் அங்கே அனுமதி கிடைக்கவில்லை. பிறகு இரண்டு பேருமாக அந்த ரோட்டில் நடந்து போய், கொஞ்சம் மேலே ஒரு கொண்டை ஊசி வளைவைப் பார்த்தோம். எப்பேர்ப்பட்ட சூரனும் அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வளைவு முடிகிற இடத்தில், வண்டி ஒதுங்க வசதியாக ஒரு மேடு. கடை அங்கே இடம் மாறியது. வியாபாரம் முன்னைவிட நன்றாகவே நடக்கிறது.

போன வாரம் நானும் பொறியாளரும் ஏதோ வேலையாக அந்த வளைவில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெள்ளையம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்: "ஏங்கண்ணு, குழியைத்தான் மூடிட்டே, போனாப் போகுதுன்னு வுட்டுட்டேன். இந்த வளைவையாவது வளைஞ்சே இருக்க வுட்டுரு, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

ஜல்லி, சிமென்ட், மணல், தண்ணீர் இருந்தால் ரோடு போட்டுவிடலாம் என்றுதான் டிப்ளமோவில் சொல்லிக்கொடுத்தார்கள். போட்டதற்கும் போடாததற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ள ஓர் ஓவர்சியரும் வேண்டும் என்பதை வேலையில் சேர்ந்த பிறகு நானாகத்தான் கண்டுபிடித்தேன்.